'குங் ஃபூ ஃபைட்டிங்': கடைசிப் பத்து நிமிடத்தில் பிறந்த டிஸ்கோ பாடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஹூ! ஹா!' என்று இரண்டு சத்தம் எழுப்பினால் போதும், பாட்டின் பெயர் தெரியாதவர்கள்கூட மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் அதை வெறும் வேடிக்கைப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். அதைத் தயாரித்தவர் பெங்களூரில் இசை வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பதும் இந்தியாவிலேயே பலருக்குத் தெரியாது. இந்த இரண்டு குறைகளையும் மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

இது எந்தப் பாடல்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து இங்கிலாந்தில் பாடகரான கார்ல் டக்ளஸின் ஆங்கிலப் பாடல். தயாரிப்பாளர் பிட்டு அப்பையா. பிட்டு என்ற ஒற்றைப் பெயரில்தான் உலகம் அவரை அறியும். 1974இல் பிரிட்டனில் பை ரெக்கார்ட்ஸும் அமெரிக்காவில் ட்வென்டியத் செஞ்சுரி ரெக்கார்ட்ஸும் வெளியிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தரவரிசையிலும் டிசம்பரில் அமெரிக்கத் தரவரிசையிலும் முதலிடத்துக்குப் போனது.

1974இல் டிஸ்கோ என்று ஒன்று இருந்ததா? 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வந்த பிறகுதானே அது பரவியது?

அந்தப் படம் 1977 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் டிஸ்கோ நன்றாக வளர்ந்து, பணம் கொழிக்கும் தொழிலாகவே மாறியிருந்தது. அதன் வேர் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்து நடன விடுதிகளில் இருக்கிறது. கறுப்பின இளைஞர்களும், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளும், தன்பால் ஈர்ப்புள்ளவர்களும் விடிய விடிய ஆடிய இடங்கள் அவை. வானொலியில் ஒலிக்காத பாடல்கள் அங்கே இசைத்தட்டு போடுகிறவரின் விருப்பத்தால் பிரபலமாயின. வின்ஸ் அலெட்டி என்ற இசை எழுத்தாளர் 1973 செப்டம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் இந்த விடுதிகளின் இசையைப் பற்றி எழுதினார்.

விடுதிகளில் இருந்த இந்த இசை தரவரிசையின் உச்சிக்கு ஏறிய ஆண்டு 1974. பிப்ரவரியில் பாரி வொயிட் உருவாக்கிய லவ் அன்லிமிடெட் ஆர்க்கெஸ்ட்ராவின் 'லவ்ஸ் தீம்' அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஜூலையில் ஹியூஸ் கார்ப்பரேஷன் குழுவின் 'ராக் த போட்', அடுத்த வாரமே ஜார்ஜ் மெக்ரேயின் 'ராக் யுவர் பேபி'. அந்த ஆண்டின் பிற்பகுதியில் 'பில்போர்ட்' பத்திரிகை நடன விடுதிகளுக்கென்றே தனிப் பட்டியல் போடத் தொடங்கியது. இந்த வரிசையில் டிசம்பரில் வந்து சேர்ந்ததுதான் நம் பாடல். முதல் டிஸ்கோ பாடல் எது என்ற சண்டைக்குள் நான் போக விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மற்ற பாடல்கள் லாஸ் ஏஞ்சல்ஸ், மயாமி என்று அமெரிக்க நகரங்களில் பிறந்தவை. இது லண்டனில் பிறந்தது. அதுவும் ஓர் இந்தியரும் ஒரு ஜமைக்காக்காரரும் சேர்ந்து செய்தது.

பிட்டு யார்? அவர் எப்படி லண்டனுக்குப் போனார்?

கர்நாடகத்தில் பிறந்தவர்; குடகுக் குடும்பம். சிறு வயதில் அவருக்கு மேற்கத்தியப் பாடல்களை அறிமுகப்படுத்தியது ரேடியோ சிலோன். அந்தக் காலத்தில் அகில இந்திய வானொலி பாப் இசைக்கு அதிகம் இடம் கொடுக்காது. தென்னிந்தியாவில் பீட்டில்ஸ் கேட்க வேண்டுமென்றால் கொழும்பு அலைவரிசையைத்தான் பிடிக்க வேண்டும். கிட்டாரைக் கற்றுக்கொண்டு நண்பர்களோடு 'டிரோஜன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். பெங்களூர், கல்கத்தா, பம்பாய் என்று விடுதி விடுதியாக பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிரினி லோபஸ் பாடல்களை வாசித்தார்கள். குழு கலைந்ததும் 'லோன் டிரோஜன்' என்ற பெயரில் தனியாகப் பாடினார்.

1960களின் பிற்பகுதியில் இந்தியாவை விட்டுக் கிளம்பி, மத்தியக் கிழக்கு வழியாகப் பாடிச் சம்பாதித்துக்கொண்டே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கிடைத்த சிறு வேலைகளைச் செய்து காசு சேர்த்து, அந்தக் காசில் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார். 1969இல் 'தி டைகர்ஸ்' என்ற ஜப்பானியக் குழுவுக்கு அவர் தயாரித்த 'ஸ்மைல் ஃபார் மீ' ஜப்பானில் வெற்றி பெற்றது. அதன் பிறகும் பிரிட்டனில் ஒரு வெற்றிக்கு அவர் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கார்ல் டக்ளஸ் அப்போது புதுமுகமா?

இல்லை. 1960களிலேயே 'பிக் ஸ்டாம்பீட்' என்ற குழுவோடு சோல் இசை, அதாவது கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த உணர்ச்சிகரமான பாட்டுமுறை, பாடிக்கொண்டிருந்தவர். இசைத்தட்டுகள் வந்தன, பெயர் வரவில்லை. 1972இல் 'எம்பஸி' என்ற பிரிட்டிஷ் படத்துக்கு பிட்டு இசையமைத்தபோது அதன் பாடலைப் பாடியவர் டக்ளஸ். அந்தப் பழக்கத்தில்தான் 1974இல் மறுபடியும் அவரை அழைத்தார். இந்தப் பாட்டில் அவர் குரல் அவ்வளவு தயக்கமில்லாமல் ஒலிப்பதற்கு அந்தப் பத்து ஆண்டு மேடை அனுபவம் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

பத்து நிமிடத்தில் பதிவானது என்பது உண்மையா?

பிட்டு பலமுறை சொல்லியிருக்கிற செய்தி இது. அதை முழுதாகச் சொன்னால்தான் அதன் அருமை புரியும்.

அன்று பதிவு செய்ய வந்தது வேறு பாட்டு. அமெரிக்கப் பாடலாசிரியர் லாரி வைஸ் எழுதிய 'ஐ வான்ட் டு கிவ் யூ மை எவ்ரிதிங்' என்ற காதல் பாட்டு. கையில் இருந்தது மூன்று மணிநேரம். லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக்காரர்களுக்கு ஓர் அமர்வு என்றால் மூன்று மணிநேரம்தான் கணக்கு; அதைத் தாண்டினால் கூடுதல் ஊதியம். சொந்தக் காசையும் கடன் நம்பிக்கையையும் வைத்து ஓடுகிற இளம் தயாரிப்பாளருக்குக் கடிகாரம்தான் முதலாளி. அந்தக் காதல் பாட்டுக்கே இரண்டு மணிநேரத்துக்கு மேல் போய்விட்டது. பிறகு இடைவேளை.

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டும். 'உன்னிடம் வரிகள் ஏதாவது இருக்கிறதா?' என்று பிட்டு டக்ளஸைக் கேட்டார். டக்ளஸ் காட்டிய சில பாடல்களில் ஒன்றை எடுத்து, பெரிதாக மெனக்கெடாமல் மெட்டுப் போட்டார். மீதமிருந்த கடைசிப் பத்து நிமிடத்தில், இரண்டே முறை வாசித்து, வேலை முடிந்தது. மறுபக்கம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் 'ஹூ', 'ஹா' சத்தங்களையும் கையால் வெட்டுவது போன்ற ஓசைகளையும் அளவு பார்க்காமல் அள்ளிப் போட்டதாக பிட்டு பின்னர் சொன்னார்.

இதை அதிர்ஷ்டக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மணிநேரம் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து, ஒருவர் கையை ஒருவர் அறிந்த கலைஞர்கள் அங்கே இருந்தார்கள். தொண்டை நன்றாகத் திறந்த பாடகர் இருந்தார். இந்தியாவின் விடுதி மேடைகளில், ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தே பாட்டை மாற்றிப் பழகிய தயாரிப்பாளர் இருந்தார். திருத்தி மெருகேற்ற நேரம் இல்லாததால் முதல் வேகம் அப்படியே நாடாவில் நின்றுவிட்டது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் ஒவ்வொருவரின் பத்து ஆண்டு இருக்கிறது.

பாடலை எழுதியவர் யார்? டக்ளஸா, பிட்டுவா?

இசைத்தட்டில் பாடலாசிரியர் என்று இருப்பது கார்ல் டக்ளஸின் பெயர் மட்டும்; பிட்டுவின் பெயர் தயாரிப்பாளர் என்ற இடத்தில் இருக்கிறது. மெட்டைத் தான் அமைத்ததாக பிட்டு சொல்லும் விவரத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், நம் ஊர்க் கணக்கில் அவரை இசையமைப்பாளர் என்றே சொல்லியிருப்போம். மேற்கத்திய பாப் உலகில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுகிறவர் மட்டுமல்ல. எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும், பாடகர் எப்படிப் பாட வேண்டும், எந்தப் பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே.

ஏன் குங் ஃபூ? அதற்கும் டிஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம்?

1973இல் உலகமே காற்றில் கால் வீசிக்கொண்டிருந்தது. ஹாங்காங் சண்டைப் படங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெள்ளமாக வந்த ஆண்டு அது. புரூஸ் லீ ஜூலை 20 அன்று 32 வயதில் இறந்தார். அடுத்த மாதமே 'என்டர் த டிராகன்' திரைக்கு வந்தது. டேவிட் கராடைன் நடித்த 'குங் ஃபூ' தொடர் 1972 முதல் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் தெருவில் இளைஞர்கள் இசைக்கு ஏற்றபடி குங் ஃபூ அசைவுகள் செய்வதைப் பார்த்தபோதுதான் இந்தப் பாட்டின் எண்ணம் வந்ததாக டக்ளஸ் சொல்லியிருக்கிறார்.

இதில் கறுப்பின ரசிகர்களின் பங்கு பெரிது. அமெரிக்க நகரங்களின் மையப் பகுதித் திரையரங்குகளில் ஹாங்காங் படங்களும் கறுப்பின நாயகர்களின் அதிரடிப் படங்களும் ஒரே திரையில் மாறி மாறி ஓடின. 'என்டர் த டிராகன்' படத்திலேயே ஜிம் கெல்லி என்ற கறுப்பினக் கராத்தே வீரர் முக்கிய வேடத்தில் வருகிறார். ஆயுதமில்லாத ஒருவன் உடலை மட்டும் நம்பி அதிகாரம் படைத்தவர்களை வீழ்த்துகிற கதை அந்த ரசிகர்களுக்குச் சொந்தக் கதையாகப் பட்டது. பாட்டில் 'பிக் பாஸ் வருகிறார்' என்று பொருள்படும் ஒரு வரி உண்டு. புரூஸ் லீ நடித்த 1971ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் ஆங்கிலப் பெயரும் 'தி பிக் பாஸ்'தான்.

இன்னொன்று: பாட்டில் வரும் ஒரு சண்டைக்காரனின் குடும்பப்பெயர் சின். ஜமைக்காவில் வாழும் சீன வம்சாவளியினரிடையே மிகப் பரவலான பெயர் அது. ஜமைக்காவின் ரெகே இசையை வளர்த்த தயாரிப்பாளர்களில் லெஸ்லி காங் போன்ற சீன ஜமைக்கர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கிங்ஸ்டனில் பிறந்தவருக்குச் சீனர் என்றால் திரையில் மட்டும் பார்த்த முகம் அல்ல.

மறுபக்கப் பாட்டு எப்படி முன்பக்கத்துக்கு வந்தது?

ஒருவரின் காது காரணம். பை ரெக்கார்ட்ஸில் இருந்த ராபின் பிளாஞ்ச்ஃப்ளவர் இரண்டு பாடல்களையும் கேட்டார். காதல் பாட்டை ஒதுக்கிவிட்டு, 'குங் ஃபூ ஃபைட்டிங்'தான் முதல் பக்கம் என்று பிடிவாதமாக நின்றார். அன்றைய வழக்கப்படி வானொலிக்குப் போவதும் விளம்பரம் பெறுவதும் முதல் பக்கம்தான். இசைத்தட்டை வாங்கியவர்கள்கூடப் பல நேரம் மறுபக்கத்தைத் திருப்பிப் போட மாட்டார்கள். பிளாஞ்ச்ஃப்ளவர் இல்லையென்றால் இப்படி ஒரு பக்கம் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

வெளிவந்ததும் உடனே வெற்றியா?

இல்லை. முதல் ஐந்து வாரம் வானொலி அதைத் தொடவே இல்லை, விற்பனையும் மந்தம். பிரிட்டனில் அப்போது தேசிய அளவில் பாப் இசைக்கு இருந்த வாசல் பிபிசியின் ரேடியோ 1. தனியார் வானொலி 1973 அக்டோபரில்தான் லண்டனில் தொடங்கியிருந்தது. அந்த வாசல் அடைத்திருந்தால் பாட்டு செத்தது என்றுதான் பொருள்.

ஆனால் நடன விடுதிகளில் இசைத்தட்டு போடுகிறவர்கள் இதைச் சுழலவிட்டார்கள். ஆடுகிறவர்கள் கையை வெட்டிக் காலை வீசி ஆடினார்கள். மறுநாள் கடைக்குப் போய் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். 1974 ஆகஸ்ட் 17 அன்று பட்டியலில் 42ஆம் இடத்தில் நுழைந்தது. செப்டம்பர் 21 அன்று முதலிடம். மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

பாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டிஸ்கோவின் முதல் வெற்றிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'ராக் த போட்' பாட்டையும் விடுதிகள்தான் முதலில் தூக்கி நிறுத்தின. வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதை ஒலிபரப்பலாம், இதை வேண்டாம் என்று தீர்மானித்தவர்களைத் தாண்டி, இரவில் ஆடவந்த சாதாரண மக்கள் தீர்ப்பு எழுதினார்கள். வானொலி பின்னால் ஓடி வந்தது.

அமெரிக்காவில் எப்படிப் போனது? மொத்தம் எத்தனை விற்றது?

1974 டிசம்பர் 7 அன்று 'பில்போர்ட்' பட்டியலில் முதலிடம். இரண்டு வாரம் நீடித்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சோல் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. கறுப்பின அமெரிக்க ரசிகர்கள் அதைத் தங்கள் பாட்டாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே சான்று. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இசை என்ற அளவில் அதில் அப்படி என்ன இருக்கிறது?

நல்ல ஒலிபெருக்கியில், கொஞ்சம் சத்தமாக, ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

டக்ளஸின் 'ஓஹோஹோஹோ' என்ற நீண்ட இழுப்பில் பாட்டு திறக்கிறது. வார்த்தையே இல்லாத இழுப்பு. கூட்டத்தில் இருக்கிற எவரும் சேர்ந்து பாடலாம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அதன்பின் சரணம் எதற்கும் காத்திருக்காமல் நேராகப் பல்லவி வந்துவிடுகிறது. பல்லவியில் தொடங்கும் பாட்டு நமக்குப் பழக்கமானது. மேற்கத்திய பாப்பில் அது தேர்ந்து எடுத்த முடிவு. நடனத் தளத்தில் இருப்பவருக்கு முதல் அரை நிமிடத்திலேயே பாட்டு முழுவதும் கைக்குள் வந்துவிடுகிறது.

தாளத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் அடிகள். பிற்கால டிஸ்கோ நூற்றிருபதை ஒட்டி ஓடியது. இது அதைவிட நிதானம். அந்த நிதானத்தில்தான் கையை உயர்த்தி வெட்டவும், காலை வீசி இறக்கவும் நேரம் கிடைக்கிறது. பேஸ் கிட்டார் தரையோடு ஒட்டி நடக்க, வயலின்கள் மேலே சரசரவென்று போகின்றன. அடியில் கனம், மேலே மினுக்கு என்ற இந்தப் பிரிவினையை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்து சோல் இசையிலிருந்து பிட்டு நன்றாகக் கற்றிருந்தார்.

இப்போது 'ஹூ', 'ஹா' சத்தங்களுக்கு வருவோம். அவை வேடிக்கைக்காகச் சேர்த்தவை, சரி. ஆனால் விழுகிற இடத்தைப் பாருங்கள். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் சரியாக விழுகின்றன. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தில் தவில் ஒரு சொல்லை வைத்து நிரப்புவது போல, அந்தக் கூச்சல் இங்கே தாள வாத்தியமாகவே வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாட்டைக் கற்பனை செய்தால் பாதி உயிர் போய்விடும். சண்டையில் நேரம் தவறாமை முக்கியம் என்ற பொருளில் பாட்டிலேயே ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் பாடுகிற இசைக்குழுவும் அதைக் கடைப்பிடிக்கிறது.

அதில் வரும் 'சீன மெட்டு' உண்மையில் சீன இசையா?

இல்லை. ஒரே சுரத்தைப் படபடவென்று தட்டிவிட்டுக் கீழே இறங்கும் அந்தச் சிறு துணுக்கு மேற்கத்தியர்கள் கட்டியது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைக் காட்சிகளிலேயே இதன் முன்னோடிகள் உண்டு. பிறகு கார்ட்டூன்களிலும் படங்களிலும் 'இதோ சீனா' என்று அறிவிக்க இதே துணுக்கைப் பயன்படுத்தினார்கள். ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதால் சீன வாசனை அடிப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. ஐந்து சுரம் என்றால் நமக்கு மோகனமும் உண்டு, ஹிந்தோளமும் உண்டு. ஐந்து சுரம் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை.

இந்தப் பாட்டு சீனர்களை இழிவுபடுத்துகிறது என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிடக் கூடாது. பாட்டில் சீனர்களைக் குறிக்கும் ஒரு சொல் அன்றும் இன்றும் ஆங்கிலத்தில் இளக்காரமான சொல். மேற்கு நாடுகளில் வளர்ந்த கிழக்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துப் பள்ளியில் அந்தத் துணுக்கைப் பாடியும், கையை வெட்டிக் காட்டியும் மற்ற பிள்ளைகள் சீண்டியது பலரின் வாழ்க்கை அனுபவம். அவர்களுக்கு இது கொண்டாட்டப் பாட்டாக இருக்க நியாயமில்லை. 2011இல் இங்கிலாந்தின் வைட் தீவில், சாண்டவுன் என்ற ஊரின் மதுக்கூடத்தில் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி, வழியே போன சீன வம்சாவளியினர் புகார் செய்ய, போலீஸ் அவரைக் கைது செய்தது. அது மிகையான நடவடிக்கை என்று பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டின் மனநிலை வியப்பு. சண்டைக்காரர்களின் வேகத்தைப் பார்த்து, பாட்டில் கதை சொல்பவன் கொஞ்சம் பயப்படுகிறான், பிறகு தானும் வணங்கி நின்று கற்றுக்கொள்கிறான். கேலி செய்கிறவன் பக்கத்தில் நின்று எழுதிய வரிகள் அல்ல அவை. ஆனால் எழுதியவரின் மனம் நல்லதாக இருந்தால் மட்டும் காயம் ஆறிவிடாது. அந்தச் சொல்லை இன்று மேடையில் பாடுகிறவர்கள் மாற்றிப் பாடினால் பாட்டுக்கு எந்த நட்டமும் இல்லை.

டக்ளஸால் ஏன் இன்னொரு வெற்றி தர முடியவில்லை?

அடுத்து வந்த 'டான்ஸ் த குங் ஃபூ' அதே மாவில் இன்னொரு முறை சுட்டது. பிரிட்டனில் 35ஆம் இடம், அமெரிக்காவில் 48ஆம் இடம். 1977இல் 'ரன் பேக்' பிரிட்டனில் 25ஆம் இடம் வரை போனது. 'ஒரே பாட்டுப் பாடகர்' என்ற முத்திரை அவர்மேல் விழுந்தது. அந்த முத்திரையைச் சற்று அலட்சியமாகவே குத்துகிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் ஐம்பது ஆண்டாகப் பாடுகிற ஒரு பாட்டை ஒருவர் பாடியிருக்கிறார் என்றால், அது குறைவான சாதனை ஆகாது.

பிட்டு அதன் பிறகு என்ன செய்தார்?

இங்கேதான் நம் வாசகர்கள் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். 1975இல் தன் பெயரிலேயே பிட்டு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து 'சம்மர் ஆஃப் 42' என்ற வாத்திய இசையைப் பிரிட்டன் பட்டியலில் ஏற்றினார். 1976இல் டீனா சார்ல்ஸ் பாடிய 'ஐ லவ் டு லவ்' பாடலோடு மறுபடியும் முதலிடம். டீனாவின் குழுவில் பேஸ் வாசித்த டிரெவர் ஹார்ன் பிற்காலத்தில் பிரிட்டனின் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களில் ஒருவரானார்.

பிறகு இந்தி நடிகரும் இயக்குநருமான ஃபெரோஸ் கான் 'குர்பானி' படத்துக்கு ஒரு பாட்டு கேட்டார். லண்டனில் வாழ்ந்த கராச்சிச் சிறுமி நாசியா ஹசனைப் பாட வைத்து பிட்டு தந்ததுதான் 'ஆப் ஜைசா கோயி'. 1980. அந்தப் படத்தின் மற்ற பாடல்கள் கல்யாண்ஜி ஆனந்த்ஜியுடையவை. இது மட்டும் பிட்டுவுடையது. நாசியாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது வயது 15. அடுத்த ஆண்டு 'டிஸ்கோ தீவானே' தொகுப்பு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஒரே நேரத்தில் வீடு வீடாகப் போனது. 1995இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா'வும் பிட்டுவின் கைவண்ணமே.

அதாவது, இந்தித் திரையில் டிஸ்கோ அலை எழுந்ததற்கு முக்கியமான ஒரு கை, ஆறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் கடைசிப் பத்து நிமிடத்தில் 'ஹூ', 'ஹா' சேர்த்த அதே கை. இதை இந்திய இசை வரலாறு இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும்.

டிஸ்கோவே ஓய்ந்துபோன பிறகும் இந்தப் பாட்டு எப்படி நிலைத்தது?

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கறுப்பின மக்கள்மீதும் தன்பால் ஈர்ப்பாளர்கள்மீதும் இருந்த வெறுப்பு அந்த வெடியில் கலந்திருந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதன்பின் அமெரிக்க வானொலியில் டிஸ்கோ என்ற சொல்லே ஒதுக்கப்பட்டது. நம் பாட்டுக்கு அதனால் பெரிய சேதம் வரவில்லை. காதல், இரவு, பளபளப்பு என்ற வழக்கமான டிஸ்கோப் பொருள்களுக்கு வெளியே அது நின்றதால், குழந்தைகளும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

1998இல் பஸ் ஸ்டாப் என்ற குழு டக்ளஸையே சேர்த்துக்கொண்டு புதிய பதிப்பு செய்தது. பிரிட்டனில் 8ஆம் இடம். அதே ஆண்டு ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' விளையாட்டில் அந்தப் பதிப்பு இடம்பெற்றது. திரையில் அம்புக்குறி ஏறிவர, காலால் மிதித்து ஆடும் விளையாட்டு அது. 2008இல் 'குங் ஃபூ பாண்டா' படத்துக்காக சீலோ கிரீனும் ஜாக் பிளாக்கும் பாடினார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகளின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் ஏற்கெனவே இந்தப் பாட்டை அறிந்திருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆடத் தெரியாதவர்களுக்கான பாட்டு இது. எந்த அடியும் கற்க வேண்டாம். கையை நீட்டி வெட்டினால் அதுவே நடனம். கூச்சப்பட்டுச் சுவரோரம் நிற்கிறவரைத் தளத்துக்கு இழுத்துவரும் பாட்டுகள் மிகக் குறைவு.

முதன்முறை கேட்கிறவர் எந்தப் பதிப்பிலிருந்து தொடங்கலாம்?

1974 மூலப் பதிவுதான். 1998 பதிப்பு வேகமானது, துள்ளலானது. ஆனால் நான் மேலே சொன்ன நிதானமும் வயலின்களின் மினுக்கும் அதில் இல்லை. மூலத்தைக் கேட்ட கையோடு 'ஐ லவ் டு லவ்' போடுங்கள், அடுத்து 'ஆப் ஜைசா கோயி'. மூன்றிலும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். லண்டனில் பாடிய ஜமைக்காக்காரர், ஓர் ஆங்கிலேயப் பெண், ஒரு கராச்சிச் சிறுமி என்று குரல்கள் மாறும்; அடியில் நின்று நடத்துபவர் பிட்டு ஒருவரே என்று மூன்றாவது பாட்டு பாதியை எட்டுவதற்குள் தெரிந்துவிடும்.